காசு கட்டித் தொலைந்துபோவது எப்படி? நண்பர்களோடு முதல் அட்வெஞ்சர் ரேஸ்

"காசையும் கட்டிட்டு, காட்டுக்குள்ள போய்த் தொலைஞ்சும் போவீங்களாண்ணே?" என்று கேட்டார் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி. மதுரைக்காரர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. திங்கட்கிழமை காலை நான் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு (தொடை பிடித்துக்கொண்டால் படி இறங்க அதுதான் வழி) என்ன ஏது என்று விசாரித்தவர், நான் சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டே இருந்தார். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, "அடுத்த தடவை ஆள் குறைஞ்சா சொல்லுங்க" என்றார். அவருக்கு வாட்ஸப்பில் நாலு வரி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், அது இப்படி நீண்டுவிட்டது.

முதலில் அட்வெஞ்சர் ரேஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான்கு பேர், ஒரு மேப், ஒரு காம்பஸ். சின்ன ரேஸ்களில் இரண்டு மூன்று பேராகவும் சேரலாம். மேப்பில் செக்பாயிண்ட்டுகளை வட்டமிட்டுக் கொடுத்திருப்பார்கள், நடந்தோ ஓடியோ, மவுண்டன் பைக்கிலோ, கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகிலோ போய் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு வர வேண்டும். அம்புக்குறி போட்ட பாதையெல்லாம் கிடையாது. ஜிபிஎஸ் கூடாது. போனைப் பெரும்பாலும் ஒரு உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள், ஆபத்து என்றால் மட்டும் கிழிக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, குழு பிரியக் கூடாது. நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பல ரேஸ்களில் அளவே வைத்திருப்பார்கள். மூன்று பேர் பறந்து வந்து நாலாவது ஆள் ஒரு மணி நேரம் கழித்து வந்தால், அந்த நாலாவது ஆளின் நேரம்தான் எல்லோருக்கும்.

இது நியூசிலாந்தில் வேர் பிடித்த விளையாட்டு. மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை, 243 கிலோமீட்டர், தென் தீவைக் குறுக்காகக் கடக்கும் கோஸ்ட் டு கோஸ்ட் 1983-ல் ஆரம்பித்தது. 1989-ல் ஜெரார் ஃபுசில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ரெய்ட் கோலுவாஸ் என்ற பல நாள் போட்டியை இங்கேதான் முதன்முதலில் நடத்தினார். ஐந்து பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், மோட்டார் வைத்த எதுவும் கூடாது. ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழு என்ற வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. 2019-ல் ஃபிஜியில் நடந்த ஈகோ சேலஞ்ச் என்ற பல நாள் ரேஸில் 66 குழுக்கள் 671 கிலோமீட்டர் போட்டியில் இறங்கின. எவரெஸ்ட் ஏறிய இரட்டையர் தாஷி, நுங்ஷி மாலிக் சேர்ந்து இந்தியாவிலிருந்து ஒரு குழுவாகப் போனதும் அதற்குத்தான். ஜெயித்தது நேதன் ஃபாவே தலைமையிலான நியூசிலாந்துக் குழு. இதையெல்லாம் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம், நாம் பேசப்போவது ஆறு மணி நேர ரேஸைப் பற்றி.

ஆள் பிடிப்பது

பாதி வேலை இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் செய்யும் தப்பு, தெரிந்தவர்களிலேயே வேகமாக ஓடுபவரைச் சேர்ப்பது. நாங்களும் அதைத்தான் செய்தோம். எங்கள் முதல் ரேஸில் மாரத்தான் ஓடும் நண்பர் ஒருவர் இருந்தார், எங்கள் மூவரையும்விட இரண்டு மடங்கு தெம்பு. மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. பையைக் கொடு என்றோம். "பரவாயில்ல" என்றார். கொஞ்சம் உட்காரலாமா? "பரவாயில்ல பரவாயில்ல." மாத்திரை? "அதெல்லாம் வேணாம், பரவாயில்ல." ஒன்றரை மணி நேரம் இப்படியே நொண்டி வந்து, கடைசியில் ஒரு வேலியைத் தாண்டும்போது காலைத் தூக்க முடியாமல் அப்படியே புல்லில் சரிந்தார். அப்புறம் அவர் பையை ஒருவர், தண்ணீரை ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். பத்து நிமிடத்தில் நடை சரியாகிவிட்டது! முன்னாலேயே கொடுத்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு மிச்சம்.

நம் ஊர் வளர்ப்பு அப்படி. அடுத்தவர் பையை வாங்கிச் சுமக்க நாம் யோசிக்கவே மாட்டோம், ஆனால் நம் பையை இன்னொருவர் தோளில் பார்த்தால் மனம் கூசும். இந்த விளையாட்டில் அந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு. நால்வரில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம் என்பதால், அவர் சுமையைக் குறைத்தால் நால்வரும் வேகமாகிறோம், அவ்வளவுதான் கணக்கு. நன்றாக அனுபவம் உள்ள குழுக்களைக் கவனியுங்கள், பை ஒரு நாளில் பத்துத் தடவை கைமாறும், யாரும் நன்றிகூடச் சொல்வதில்லை.

அதனால் எங்கள் குழுவில் "பரவாயில்லை" என்ற சொல்லுக்குத் தடை. பதிலுக்கு, அரை மணிக்கொரு தரம் யாராவது "சார்ஜ் எவ்வளவு?" என்று கேட்பார்கள், ஒவ்வொருவரும் போன் பேட்டரி மாதிரி ஒரு எண் சொல்ல வேண்டும். எண்பது. அறுபது. முப்பத்தைந்து. முப்பத்தைந்து என்றவரின் பை அடுத்த நிமிடம் எண்பதின் முதுகில் இருக்கும். கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் "எனக்கு முடியவில்லை" என்று வாயால் சொல்ல வராதவர்கூட "இருபது" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்.

ஆக யாரைச் சேர்ப்பது? பசித்தால் எரிந்து விழுபவர் என்று தெரிந்தால் பரவாயில்லை (இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு அனுமதி), அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்துச் சமாளிக்கலாம். தப்பு நடந்தபின் யார் செய்தது என்று நோண்டிக்கொண்டே இருப்பவரை மட்டும் தவிருங்கள். ஒரு நல்ல சோதனை இருக்கிறது: நால்வரும் ஒரே காரில் எட்டு மணி நேரம் ஊர் சுற்றி, நடுவில் ஒரு தடவை வழி தவறி, திரும்பி வந்து சேர்ந்தபோதும் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றால், குழு தயார்.

எந்த ரேஸ்

மூன்று முதல் ஆறு மணி நேரம். அதற்கு மேல் முதல் தடவை வேண்டாம். அதற்கும் முன்னால் ஒரு ரோகெய்ன் செய்து பாருங்கள். இது 1976-ல் ஆஸ்திரேலியாவில் பெயர் சூட்டப்பட்ட விளையாட்டு. நடை மட்டும்தான், ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்கும் ஒரு மதிப்பெண், குறித்த நேரத்துக்குள் எத்தனை முடியுமோ அத்தனை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும், தாமதமானால் மதிப்பெண் வெட்டுவார்கள். மேப் படிக்கவும், எதை விடுவது என்று நாலு பேர் சேர்ந்து முடிவெடுக்கவும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. செலவும் குறைவு, ஷூ இருந்தால் போதும்.

பெண்களாகச் சேர்ந்து போக நினைப்பவர்களுக்கு, நியூசிலாந்தில் மூவர் குழுவாகப் பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் ஸ்ப்ரிங் சேலஞ்ச் என்ற ரேஸ் இருக்கிறது. அதில் போய்விட்டு வந்த எங்கள் தோழி ஒருத்திதான் எங்கள் எல்லோரையும் இதில் இழுத்துவிட்டவள்.

மேப்

உடம்பைத் தயார் செய்வதைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள் என்பேன். இரண்டு மணி நேர ஓட்டப் பயிற்சியால் மிச்சமாகும் நிமிடங்களை ஒரே ஒரு தவறான ஓடையில் இறங்கித் தொலைத்துவிடலாம்.

நியூசிலாந்தின் டோப்போ 50 மேப்புகள் 1:50,000 அளவு. இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். பள்ளியில் சம உயரக் கோடுகள் என்று வரைந்து மதிப்பெண் வாங்கியிருப்போமே, அதே கோடுகள், இங்கே ஒவ்வொன்றுக்கும் இடையில் 20 மீட்டர் உயரம். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம் என்பது எல்லோருக்கும் தெரியும். குழப்பம் வருவது V வடிவத்தில் கோடு வளையும் இடத்தில், அது ஓடையா முகடா என்று. கூர்முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் ஓடை, தாழ்வான பக்கத்தைக் காட்டினால் முகடு. இதை ஒரு மாலை உட்கார்ந்து ஐம்பது தடவை பார்த்துக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து காம்பஸ். ஊசி காட்டும் வடக்கும் மேப்பின் வடக்கும் ஒன்றல்ல. காந்த ஒதுக்கம் என்று படித்திருப்போம். சென்னையில் அது ஓரிரு டிகிரிக்குள்தான், கவலையே இல்லை. இங்கே தென் தீவில் 20 டிகிரிக்கும் மேல், கிழக்குப் பக்கமாக. இதைச் சரி செய்யாமல் ஒரு கிலோமீட்டர் நேராக நடந்தால், போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு குறைந்தது 350 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். காட்டில் 350 மீட்டர் என்பது வேறு பள்ளத்தாக்கு! சில ரேஸ் மேப்புகளில் காந்த வடக்குக் கோடுகளையே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள், அப்போது எதையும் கூட்டிக் கழிக்க வேண்டாம். எந்த வகை மேப் என்று ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டுமான பொறி. சின்ன வயதிலிருந்து வெயிலை வைத்துத் திசை பார்த்தே பழகியவர்கள் நாம். இந்த ஊரில் உச்சி வெயில் வடக்கே நிற்கும். நான் வந்து ஆறு வருடம் ஆகியும், களைத்துப்போன நேரத்தில் என் மூளை "சூரியன் அந்தப் பக்கம், அப்போ அது தெற்கு" என்று ஒரு கணம் சொல்லத்தான் செய்கிறது. ஊசியை நம்புங்கள்.

வழி நடத்தும்போது நேர்கோட்டில் போக ஆசைப்படாதீர்கள். வேலி, ஓடை, முகடு என்று கூடவே வரும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்கள், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவது மாதிரி. கூடவே, "இந்த ரோட்டைத் தொட்டுவிட்டால் தாண்டி வந்துவிட்டோம்" என்று ஒரு எல்லையை முன்கூட்டியே நால்வருக்கும் சொல்லிவிடுங்கள். தூரத்துக்கு அடி எண்ண வேண்டும். இடது கால் படும்போது மட்டும் எண்ணினால் எனக்கு நூறு மீட்டருக்கு 64 வருகிறது, மேடாக இருந்தால் எண்பதைத் தாண்டும். உங்களுக்கு எவ்வளவு என்று மைதானத்தில் நடந்து பார்த்து வையுங்கள்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன பழைய கணக்கே போதும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. முதல் ரேஸ் என்றால் வருகிற விடையை இரண்டால் பெருக்குங்கள். பாதையே இல்லாத புதரில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். கேன்டர்பரி பக்கம் மட்டகௌரி என்று ஒரு முள்செடி உண்டு. பெயரைக் கேட்டால் நம்மூர் அம்மன் மாதிரி இருக்கிறதே என்று பக்தியோடு நெருங்காதீர்கள், அரை டவுசரில் போனால் காலில் கோலம் போட்டு அனுப்பும்.

மேப் ஒருவர் கையில், இன்னொரு பிரதி மற்றொருவர் கையில் இருக்கட்டும். இரண்டாவது ஆள் வாயை மூடிக்கொண்டு வரக்கூடாது, "இப்போ இடது பக்கம் ஓடை வரணுமே, காணோமே" என்று கேட்டுக்கொண்டே வர வேண்டும். மேப் வைத்திருப்பவருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

உடம்பு, சாமான்

எட்டு வாரம் போதும். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டம் அல்லது வேக நடை, ஒரு நாள் சைக்கிள், மாதத்துக்கு இரண்டு தடவை நால்வரும் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரம் வெளியே. கிறைஸ்ட்சர்ச்சில் இருப்பவர்களுக்கு போர்ட் ஹில்ஸ் ஏற்றம், பாட்டில் லேக் காட்டில் சைக்கிள், ஏவன் ஆற்றில் கயாக் என்று எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சைக்கிளிலிருந்து இறங்கியதும் உடனே ஓடிப் பாருங்கள், கால் இரண்டும் கட்டை மாதிரி இருக்கும், அந்த உணர்வை முன்னாலேயே பழகிவிடுவது நல்லது. நீச்சல் தெரியாதவர்கள் கயாக் வரும் ரேஸுக்குப் பெயர் கொடுக்கும் முன் கற்றுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று சமாளிக்க வேண்டாம்.

சாமான் எதையும் புதிதாக வாங்காதீர்கள். சைக்கிளை இரவல் வாங்கலாம், கயாக்கைப் பல சின்ன ரேஸ்களில் அவர்களே தருவார்கள். கட்டாயப் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள்: விசில், முதலுதவி, உயிர்காப்புப் போர்வை, ஹெட்லாம்ப், மழைக்கோட், தெர்மல் மேல்சட்டை. பகல் ரேஸ்தானே, ஹெட்லாம்ப் எதற்கு என்று நினைப்பீர்கள். தொலைந்தால் இரவாகும். பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெரினோ கம்பளியோ பாலிப்ரோப்பிலீனோ இருக்கட்டும். தொடை உரசும் இடத்தில் வாசலின், கொப்புளம் வரும் இடத்தில் முன்கூட்டியே டேப். பஞ்சர் ஒட்ட ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், தெரியும் என்று சொன்னால் போதாது, ஒரு தடவை உங்கள் கண்முன் டயரைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள்.

கூட ஒரு எலாஸ்டிக் கயிறு, மூன்று மீட்டர் அளவில். முன்னால் போகும் ஆளின் சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒரு முனை, பின்னால் வருபவரின் ஹேண்டில்பாரில் மறுமுனை. ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போகலாம். நடக்கும்போதும் இடுப்பில் மாட்டலாம். முதல் தடவை கயிற்றின் பின்முனையில் இருந்தது நான்தான். கன்றுக்குட்டி மாதிரி இழுபட்டுப் போகிறோமே என்று காது சிவந்துவிட்டது. இரண்டாவது மேட்டில் நானே கயிற்றை எடுத்து நீட்டினேன்.

சாப்பாடு

கடையில் விற்கும் ஜெல் எல்லாம் முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான், அப்புறம் அந்த இனிப்பு வாசனை வந்தாலே குமட்டும். எங்கள் குழுவில் ஓடும் சரக்கு: சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து பாலித்தீனில் சுற்றிய புளிசாதம், மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி, கடலைமிட்டாய். மணிக்கு 200 முதல் 300 கலோரி உள்ளே போக வேண்டும், பசிக்கிறதோ இல்லையோ. ஒரு கடலைமிட்டாய்த் துண்டும் ஒரு புளிசாத உருண்டையும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்கு வந்துவிடும். செக்பாயிண்ட்டில் நின்ற வேறொரு குழுவுக்கு இட்லி கொடுத்தோம், அவர்கள் மசித்த உருளைக்கிழங்கு கொடுத்தார்கள், நல்ல பண்டமாற்று.

மேப் வைத்திருப்பவர் சாப்பிட மறப்பார். எங்கள் தோழி ஒரு தடவை மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. வாயாடி, திடீரென்று அமைதியாகிவிட்டாள், நாங்களும் ஏதோ கவனமாக மேப் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டோம். பார்த்தால் ஒரே பாலத்தை இரண்டு தடவை கடந்திருக்கிறோம். பேசுகிறவர் பேச்சை நிறுத்தினால் முதலில் வாயில் எதையாவது திணியுங்கள். அதோடு நடுக்கம், தடுமாற்றம், வார்த்தை குழறல் என்று சேர்ந்தால் அது குளிர் தாக்குதல். ரேஸை மறந்துவிட்டுக் காற்றுப்படாத இடத்தில் ஈரத்துணியை மாற்றி, போர்வையில் சுற்றி, உதவி கூப்பிடுங்கள். இங்கே அவசர எண் 111.

ஆறு

ரேஸில் ஆற்றைக் கடக்க வேண்டி வரும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேகமாகப் போனால் தனித்தனியாக இறங்காதீர்கள். நால்வரும் வரிசையாக ஒட்டி நின்று, கையைப் பக்கத்து ஆளின் முதுகுக்கும் பைக்கும் நடுவில் விட்டு, அந்தப் பக்கப் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். பலசாலி தண்ணீர் வரும் பக்கம், வரிசை நீரோட்டத்தின் திசையிலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் முதல் ஆள் தண்ணீரை உடைத்துக்கொடுக்க மற்றவர்கள் அவர் மறைவில் நகர முடியும். எல்லோரும் ஒன்றாக, ஒரே எட்டாக. தண்ணீர் கலங்கி மரக்கட்டை உருண்டு வந்தால் இறங்கவே வேண்டாம், அந்த செக்பாயிண்ட்டை விட்டுவிடலாம்.

தொலைந்தால்

தொலைவீர்கள். பத்து நிமிடமாக மேப்பும் நிலமும் ஒத்துப்போகவில்லை என்றால் நில்லுங்கள். நடந்துகொண்டே யோசிக்காதீர்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று மேப்பில் விரல் வைத்து, அங்கிருந்து எத்தனை நிமிடம் வந்தோம் என்று எண்ணி, தேவைப்பட்டால் திரும்பிப் போங்கள். திரும்பி நடக்கத்தான் யாருக்கும் மனம் வராது. "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்று நான் சொன்ன ஒரு வார்த்தையால் எங்களுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் போனது, இன்றும் பிறந்தநாள் வாழ்த்தில்கூட அதைத்தான் எழுதுகிறார்கள்.

முடிந்த பிறகு

தூங்காமல் கார் ஓட்டாதீர்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்துக் காய வையுங்கள், சைக்கிள் செயினை அன்றைக்கே கழுவி எண்ணெய் விடுங்கள், மேப்பை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த நாள் நால்வரும் அதை விரித்து வைத்து எங்கே தப்பு செய்தோம் என்று பார்ப்பதுதான் எனக்கு ரேஸைவிடப் பிடித்த பகுதி.

அப்புறம் ஒன்று. 2000-ல் மலேசியாவின் சபாவில் நடந்த ஈகோ சேலஞ்சில் செகாமா ஆற்றில் இறங்கியவர்கள் பலருக்கு ஊர் திரும்பியபின் எலிக்காய்ச்சல் வந்தது. அதனால் சேற்றுத் தண்ணீரை விழுங்காதீர்கள், சிராய்ப்புகளை மூடி வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், பரவாயில்லை, ரேஸ் அலுப்புதான் என்று படுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போய், "ஆற்றில் இறங்கினேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அலுவலகத்துக்குப் போகிற, கணினி முன்னால் உட்காருகிற ஆளிடம் அவராக அதைக் கேட்க மாட்டார்.